பழைய அறிவியல் புனைகதைப் படத்தை வீட்டிலிருந்தே பார்க்க: புதியவர்களுக்கான தேடல் வழிகாட்டி

“ஒரு ரோபோ ரெண்டு பேரைத் தூக்கிக்கிட்டு நெருப்பு ஆத்துக்குள்ள நடக்கும். கனம் தாங்காம பாதி வழியில அவங்களையே கீழ தள்ளப் பார்க்கும்.” இளவயதில் பார்த்த ஒரு படத்தைப் பற்றி என் சித்தப்பாவிடம் மிச்சமிருந்த நினைவு இவ்வளவுதான். கதை வெள்ளிக் கிரகத்தில் நடக்கிறது, நடிகர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள், ஆனால் வாயசைவும் குரலும் ஒட்டவேயில்லை என்று யோசித்து யோசித்து இன்னும் சில தகவல்களைச் சேர்த்தார். பெயர் தெரியாது, ஆண்டும் தெரியாது. அதைக் கண்டுபிடித்துத் தரும்படி அவர் கேட்டபோது தொடங்கிய தேடலிலும், அதன்பின் பிறருக்காகச் செய்த தேடல்களிலும் நான் கற்றுக்கொண்டவற்றை, இத்துறைக்குப் புதியவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

சென்ற மாதம் வெளியான படத்தைத் தேடுவதைப் போலப் பழைய படத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். புதிய படத்துக்குப் பெயரும் பதிப்பும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், பெயரைத் தட்டியதும் வந்து நிற்கிறது. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய படமோ நாட்டுக்கு ஒரு பெயரும் வெளியீட்டுக்கு ஒரு நீளமுமாகப் பல நிறுவனங்களின் கைமாறி வந்திருக்கும். ‘எங்குமே இல்லை’ என்று கைவிடப்பட்ட படம் வேறொரு பெயரில் கண்ணெதிரே இருந்ததை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஆகவே, எங்கே பார்ப்பது என்று தேடுவதற்கு முன்னால் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை உறுதி செய்துகொள்வதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது.

படி 1: படம் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

ஒரு தாளிலோ கைப்பேசியிலோ ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மூலமொழிப் பெயர், ஆங்கிலப் பெயர், வெளியான ஆண்டு, இயக்குநர், ஓடும் நேரம். இந்த ஐந்தும் கையில் இருந்தால் பின்னால் வரும் எல்லாப் படிகளும் எளிதாகிவிடும். இவற்றில் ஆண்டை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அறிவியல் புனைகதையைப் போல ஒரே கதையை ஒரே பெயரில் மீண்டும் மீண்டும் எடுத்த திரைப்பட வகை அதிகமில்லை. ‘தி ஃப்ளை’ என்று தேடினால் 1958ஆம் ஆண்டுப் படமும் வரும், 1986ஆம் ஆண்டுப் படமும் வரும். ‘சோலாரிஸ்’ என்று தேடினால் தார்க்கோவ்ஸ்கி 1972இல் எடுத்த சோவியத் படமும், ஸ்டீவன் சோடர்பர்க் 2002இல் எடுத்த அமெரிக்கப் படமும் வரும். முன்னது இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். பின்னது ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். வாடகைப் பணத்தைச் செலுத்திய பிறகு தவறான படம் ஓடத் தொடங்குவது புதியவர்களுக்கு அடிக்கடி நேரும் சங்கடம். ஆண்டையும் நேரத்தையும் ஒப்பிட்டிருந்தால் அது நேராது.

பெயரே தெரியாதபோது என்ன செய்வது? நினைவில் இருக்கும் காட்சியைத் தேடுபொறியில் ஒரு முழு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதித் தேடுங்கள். ‘பழைய விண்வெளிப் படம்’ என்பது போன்ற பொதுச் சொற்களால் பயனில்லை. அந்தப் படத்துக்கே உரிய விசித்திரமான ஒரு செய்கைதான் பயன் தரும். சித்தப்பாவின் படத்துக்கு ‘வெள்ளி கிரகம்’, ‘ரோபோ’, ‘எரிமலைக் குழம்பு’, ‘தூக்கிச் செல்லுதல்’ ஆகிய நான்கும் ஒரே வரியில் இருக்கும்படி எழுதினோம். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடமும் இதே விவரிப்பைக் கொடுத்துக் கேட்கலாம். அவை நல்ல ஊகங்களைத் தரும். ஆனால் இல்லாத படத்தின் பெயரையோ, ஒரு படத்தின் காட்சியை இன்னொன்றின் தலையில் கட்டியோ உறுதியான குரலில் சொல்லிவிடும் பழக்கமும் அவற்றுக்கு உண்டு. எனவே எந்த வழியில் பெயர் கிடைத்தாலும் விக்கிப்பீடியாவில் அந்தப் படத்தின் கதைச்சுருக்கத்தைத் திறந்து, உங்கள் நினைவில் உள்ள காட்சி அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

எங்கள் தேடலில் முதலில் அகப்பட்டது 1965ஆம் ஆண்டின் ‘வாயேஜ் டு தி பிரீஹிஸ்டாரிக் பிளானெட்’ என்ற அமெரிக்கப் படம். கதைச்சுருக்கத்தில் ரோபோ இருந்தது, எரிமலைக் குழம்பும் இருந்தது. சித்தப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் அதே பக்கத்தைக் கீழே நகர்த்திப் படித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது: அந்தப் படத்தின் பெரும்பகுதி, பாவெல் குளுஷான்ட்செவ் இயக்கி 1962இல் வெளியான ‘பிளானெட்டா பூர்’ என்ற சோவியத் படத்திலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் அந்தப் படச்சுருளை வாங்கி, ஆங்கிலக் குரல் சேர்த்து, பேசில் ராத்போன் முதலிய நடிகர்களை வைத்துச் சில காட்சிகளைப் புதிதாக எடுத்து ஒட்டி, வேறு பெயரில் வெளியிட்டிருக்கிறார்கள். வாயசைவு ஒட்டாததற்குக் காரணம் அதுதான். கதை அத்தோடு முடியவில்லை. அதே சோவியத் காட்சிகளைக் கொண்டு 1968இல் இன்னொரு படமும் வெளிவந்தது. ஆக, ஒரே ரோபோ, ஒரே நெருப்பாறு, மூன்று படங்கள். எந்தப் பெயரைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கும்.

இதுபோன்ற சிக்கலை அவிழ்க்க இரண்டு இடங்கள் உதவும். ஒன்று, ஐஎம்டிபி (IMDb) என்ற திரைப்படத் தகவல் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் இருக்கும் வேறு பெயர்களின் பட்டியல். எந்த நாட்டில் எந்தப் பெயரில் வெளியானது என்பதை அது காட்டும். இன்னொன்று, விக்கிப்பீடியாக் கட்டுரையின் பிறமொழிப் பட்டியல். மூலமொழிக் கட்டுரையைத் திறந்து, படத்தின் பெயரை அந்த மொழியின் எழுத்துகளிலேயே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ரஷ்ய, ஜப்பானிய, செக், போலிஷ் படங்களைத் தேடுவோருக்கு இதைவிடப் பயனுள்ள உத்தி எனக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தேடும்போது நான்கு டிரெய்லர்களும் இரண்டு விமர்சனக் காணொளிகளும் மட்டுமே வந்த இடத்தில், மூல எழுத்தில் தேடினால் முழுப்படமே முதல் வரியில் வந்து நிற்பதுண்டு.

படி 2: எந்தப் பதிப்பு வேண்டும் என்று தீர்மானியுங்கள்

எல்லாப் படங்களுக்கும் இந்தப் படி தேவைப்படாது. தேவைப்படும் படங்களுக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் மௌனப் படமான ‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரியில் பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெட்டி எறியப்பட்டது. வெட்டிய பகுதிகள் அழிந்துபோயின என்றே பல பத்தாண்டுகளாக எல்லோரும் நம்பினார்கள். 2008இல் புவனோஸ் ஐரிஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மி.மீ. படச்சுருள் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து சுமார் 25 நிமிடக் காட்சிகள் மீட்கப்பட்டு, 2010இல் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடும் பதிப்பு வெளியானது. மீட்கப்பட்ட காட்சிகளில் கீறல்கள் மழைபோல் தெரியும். ஆனால் கதை அப்போதுதான் முழுமையாகப் புரியும். இதற்கிடையில் 1984இல் இசையமைப்பாளர் ஜியார்ஜியோ மொரோடர் வண்ணம் பூசி, பாப் பாடல்கள் சேர்த்து வெளியிட்ட, ஏறத்தாழ 80 நிமிடமே ஓடும் பதிப்பு ஒன்றும் உண்டு. இவை எல்லாம் இணையத்தில் ‘மெட்ரோபோலிஸ், 1927’ என்ற ஒரே தலைப்பின் கீழ் கிடைக்கின்றன.

பதிப்பை அடையாளம் காண மிக எளிய வழி ஓடும் நேரத்தைப் பார்ப்பதுதான். 1954ஆம் ஆண்டின் ஜப்பானிய ‘கோஜிரா’ 96 நிமிடம். அமெரிக்க நடிகர் ரேமண்ட் பர் நடித்த காட்சிகளைச் சேர்த்து, மூலத்தின் பல பகுதிகளைக் குறைத்து, ‘காட்ஸில்லா’ என்ற பெயரில் 1956இல் அமெரிக்காவில் வெளியானது 80 நிமிடம். அணுகுண்டின் துயரத்தை நேருக்கு நேர் பேசும் மூலப்படத்தைப் பார்க்க விரும்புகிறவர் 80 நிமிடப் பதிப்பைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானா’ என்று நினைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை. ‘பிளேட் ரன்னர்’ போன்ற படங்களில் நேரம் பெரிதாக வேறுபடாது. அங்கே பதிப்பின் பெயரைப் பார்க்க வேண்டும். 1982இல் திரையரங்குகளுக்கு வந்த பதிப்பில் நாயகனின் பின்னணிக் குரல் உண்டு. 1992இன் இயக்குநர் பதிப்பிலும், 2007இன் இறுதிப் பதிப்பிலும் அது நீக்கப்பட்டுவிட்டது. முதன்முறை பார்ப்பவர்களுக்கு நான் 2007ஆம் ஆண்டுப் பதிப்பையே சொல்வேன்.

படி 3: எங்கே இருக்கிறது என்று காட்டும் தளங்களில் தேடுங்கள்

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, ஆப்பிள் டிவி என்று ஒவ்வொரு தளமாகத் திறந்து தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று தொகுத்துச் சொல்வதற்கென்றே இலவசத் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் பரவலாகப் பயன்படுவது ஜஸ்ட்வாட்ச். அதைத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது, நீங்கள் இருக்கும் நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. திரைப்பட உரிமைகள் நாடு வாரியாக விற்கப்படுவதால், ஒரு நாட்டில் சந்தாவிலேயே கிடைக்கும் படம் பக்கத்து நாட்டில் வாடகைக்குக்கூட இல்லாமல் இருக்கலாம். வேறு நாட்டின் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சந்தா கட்டி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

தேடல் பெட்டியில் பெயரை எழுதுங்கள். வரும் பட்டியலில் ஆண்டைப் பார்த்துச் சரியான படத்தைத் தேர்ந்தெடுங்கள். வரவில்லையென்றால், குறித்து வைத்துள்ள மற்றப் பெயர்களையும் ஒவ்வொன்றாக இட்டுப் பாருங்கள். இங்கே ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது: லெட்டர்பாக்ஸ்டு, டிஎம்டிபி (TMDB) ஆகிய திரைப்படத் தகவல் தளங்களிலும் ‘எங்கே பார்க்கலாம்’ என்ற பகுதி உண்டு, ஆனால் அந்தத் தகவல் ஜஸ்ட்வாட்சிலிருந்தே செல்கிறது. ஆகவே மூன்று தளங்களிலும் தேடி மூன்றிலும் இல்லை என்றால், மூன்று முறை சோதித்ததாகக் கருத வேண்டாம்; ஒரே பதிவேட்டை மூன்று கதவுகள் வழியாகப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தொகுப்புத் தளம் காட்டும் முடிவை நம்பி உடனே பணம் கட்டிவிடாமல், அது சுட்டும் தளத்துக்கே சென்று படத்தின் பக்கத்தைத் திறந்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உரிம ஒப்பந்தங்கள் முடியும்போது படங்கள் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டுவிடும். தொகுப்புத் தளத்தில் அந்த மாற்றம் தெரிவதற்குச் சில நாட்கள் ஆகலாம். பல தளங்களில் கணக்குத் தொடங்காமலே படத்தின் பக்கத்தைப் பார்க்க முடியும்.

படி 4: ‘கிடைக்கிறது’ என்பதன் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு படம் ஒரு தளத்தில் இருக்கிறது என்றால், அது நான்கு வகையில் இருக்கலாம். மாதச் சந்தாவில் அடங்கியதாக இருக்கலாம். விளம்பரங்களோடு இலவசமாக இருக்கலாம். வாடகைக்கோ விலைக்கோ இருக்கலாம். நான்காவது வகைதான் புதியவர்களைக் குழப்புவது: படம் நீங்கள் சந்தா கட்டியிருக்கும் தளத்திலேயே தெரியும், ஆனால் அதைப் பார்க்க அத்தளத்துக்குள் இருக்கும் வேறொரு சேனலுக்குத் தனிச் சந்தா கட்ட வேண்டியிருக்கும். பிரைம் வீடியோவில் இது வழக்கமாகக் காணக்கூடியது. சில நாட்கள் இலவசம் என்று தொடங்கி, பிறகு தானாகவே மாதக் கட்டணம் பிடிக்கும் முறையில் அச்சேனல்கள் இயங்குகின்றன; ஒரு படத்துக்காகச் சேர்ந்தால், சேர்ந்த அன்றே புதுப்பிப்பை நிறுத்திவிடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பழைய படத்துக்காகச் சந்தா கட்டுவதைவிட வாடகைக்கு எடுப்பதே பெரும்பாலும் சிக்கனமானது. வாடகையில் வழக்கமாக இரண்டு கெடுக்கள் உண்டு: பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், ஓடத் தொடங்கியபின் 48 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும். தளத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ப இது மாறலாம் என்பதால், பணம் செலுத்தும் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படித்துவிடுங்கள். நீளமான படத்தை இரவு பதினொரு மணிக்குச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தொட்டுவிட்டு, பின் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். தொட்ட கணத்திலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

விலைக்கு வாங்குவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இணையத்தில் ‘வாங்கும்’ படம் டிவிடி வட்டைப் போல உங்கள் சொத்தாகிவிடுவதில்லை. அதைப் பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே உங்களுக்குக் கிடைக்கிறது. அந்நிறுவனம் உரிமையை இழந்தால் படமும் உங்கள் பட்டியலிலிருந்து மறையலாம். இந்த உண்மையை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. மீண்டும் மீண்டும் பார்க்க விரும்பும் படம் என்றால், அந்தப் பணத்துக்கு வட்டு வாங்க முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

படி 5: சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் இடங்கள்

பழைய படங்களைத் தேடுவோருக்கு மட்டுமே வாய்த்த வசதி இது. காப்புரிமைக் காலம் முடிந்துபோன படங்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அமெரிக்கச் சட்டப்படி, வெளியாகி 95 ஆண்டுகள் முடிந்த படங்கள் அடுத்த ஜனவரி முதல் தேதியன்று இந்த நிலையை அடைகின்றன. ‘மெட்ரோபோலிஸ்’ அங்கே 2023இல் அவ்வாறு பொதுவானது. மேலும், 1963 வரை அங்கே வெளியான படங்களுக்கு முதல் 28 ஆண்டுகள் முடிந்ததும் காப்புரிமையைப் பதிவு செய்து புதுப்பிக்க வேண்டியிருந்தது. குறைந்த செலவில் அறிவியல் புனைகதைப் படங்களை எடுத்த சிறு நிறுவனங்கள் பல, இதைச் செய்யத் தவறிவிட்டன. சில மூடப்பட்டே போயிருந்தன. 1950களின் பறக்கும் தட்டுகளும் ராட்சதப் பூச்சிகளும் இன்று ஏராளமாக இலவசமாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் காப்புரிமை நாட்டுக்கு நாடு மாறுவது. ஒரு நாட்டில் காலாவதியானது இன்னொரு நாட்டில் உயிரோடு இருக்கலாம் என்பதையும், மீட்டெடுத்த பதிப்புக்கும் புதிதாகச் சேர்த்த இசைக்கும் தனி உரிமை இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இத்தகைய படங்களுக்கு முதலில் செல்ல வேண்டிய இடம் இன்டர்நெட் ஆர்கைவ். 1996இல் தொடங்கப்பட்ட அந்த லாபநோக்கற்ற நிறுவனத்தின் தளத்தில் முழுநீளப் படங்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. கணக்குத் தொடங்காமலே பார்க்கலாம். சித்தப்பாவின் 1965ஆம் ஆண்டுப் படத்தை நாங்கள் கண்டதும் அங்கேதான். ஒரே படம் அங்கே பலரால் பலமுறை ஏற்றப்பட்டிருக்கும். முதலில் வருவதையே திறந்துவிடாமல், ஒவ்வொன்றின் கோப்பு அளவையும் ஓடும் நேரத்தையும் பார்த்து, பெரிய கோப்பும் முழு நேரமும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வித்தியாசம் சிறியதல்ல: எங்களுக்கு முதலில் கிடைத்த பிரதியில் எரிமலைக் குழம்பு சாம்பல் நிறச் சேறாகத் தெரிந்தது, ரோபோவின் கால் எங்கே முடிகிறது, குழம்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நான்காவதாகத் திறந்த பிரதியில் அதே குழம்பு செக்கச் செவேலென்று கொதித்தது, மேலே புகை தனியாகத் தெரிந்தது. “இதுதான், இதுதான்” என்று சித்தப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

யூடியூபிலும் சட்டப்படியான முழுப்படங்கள் உண்டு. ஏற்றியவர் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சோவியத் காலத்துப் பெரிய ஸ்டூடியோவான மோஸ்ஃபிலிம், தன் பழைய படங்கள் பலவற்றைத் தன் சொந்த சேனலிலேயே ஆங்கில சப்டைட்டிலுடன் இலவசமாக வைத்திருக்கிறது. தார்க்கோவ்ஸ்கியின் அறிவியல் புனைகதைப் படங்களைத் தேடுவோர் முதலில் அங்கே பார்க்கலாம். ஸ்டூடியோ, திரைப்பட ஆவணக் காப்பகம், உரிமை பெற்ற விநியோகஸ்தர் ஆகியோரின் சேனலாக இருந்தால் தயக்கமின்றிப் பாருங்கள். படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டோ, இடவலமாகத் திருப்பப்பட்டோ, குரல் சற்றே கீச்சிட்டோ இருந்தால், அது யூடியூபின் காப்புரிமைச் சோதனையில் சிக்காமல் தப்பிக்க யாரோ திருத்தி ஏற்றியது என்று பொருள். அதைப் பார்ப்பது படத்தைப் பார்ப்பதாகாது.

பொது நூலகத்தை மறந்துவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல நூலகங்களில் டிவிடி அடுக்குகள் இன்னும் இருக்கின்றன. சில நாடுகளில் நூலக அட்டை அல்லது பல்கலைக்கழகக் கணக்கைக் கொண்டு கனோபி என்ற தளத்தில் பழைய படங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். குறிப்பிட்ட வட்டு எந்த நூலகத்தில் இருக்கிறது என்பதை வேர்ல்டுகேட் என்ற உலக நூலகப் பட்டியலில் தேடலாம். உங்கள் நூலகத்தில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று நூலகரிடமே கேளுங்கள். கேட்பவர்களுக்கு அவர்கள் மனமுவந்து உதவுவதைக் கண்டிருக்கிறேன்.

படத்தின் பெயரோடு ‘முழுப்படம்’ என்று சேர்த்துத் தேடும்போது வரும் பெயர் தெரியாத தளங்களைத் தொடாதீர்கள். இலவசம் என்று சொல்லிவிட்டு அட்டை எண்ணைக் கேட்பது, ஒரு செயலியை நிறுவச் சொல்வது, ‘பிளேயரைப் புதுப்பியுங்கள்’ என்பது ஆகிய மூன்றில் எது வந்தாலும் உடனே வெளியேறிவிடுங்கள்.

படி 6: வட்டு வாங்குவது

ஸ்ட்ரீமிங்கில் எங்குமே இல்லாத பழைய படம் வட்டில் இருக்க நல்ல வாய்ப்புண்டு. கிரைடீரியன், கினோ லார்பர், ஆரோ வீடியோ, யுரேகா போன்ற நிறுவனங்கள் மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த பழைய அறிவியல் புனைகதைப் படங்களை அக்கறையோடு வெளியிடுகின்றன. கூடவே விளக்க உரைகளும், படமாக்கிய விதம் பற்றிய காணொளிகளும் இருக்கும்.

நான் முதன்முதலில் வரவழைத்த டிவிடி என் பிளேயரில் ஓடவில்லை. உறையின் பின்புறம் பூகோள உருண்டைக்குள் ‘1’ என்று அச்சிட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. டிவிடிகளுக்கு மண்டலக் குறியீடு உண்டு: அமெரிக்காவும் கனடாவும் 1, மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2, தென்கிழக்கு ஆசியா 3, ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும் 4, இந்தியத் துணைக்கண்டம், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5, சீனா 6. சுழியம் அல்லது ‘எல்லா மண்டலங்களும்’ என்று இருந்தால் எங்கும் ஓடும். புளூ-ரேக்கு ஏ, பி, சி என்று மூன்றே மண்டலங்கள். 4கே அல்ட்ரா எச்டி வட்டுகளுக்கு மண்டலத் தடையே இல்லை, ஆனால் அதற்குரிய பிளேயர் வேண்டும். கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை மாற்றலாம். ஆனால் ஐந்து முறைதான், கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும். ஆகவே வாங்கும் முன் உங்கள் பிளேயரின் பின்புறத்தையும் வட்டின் உறையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே படத்துக்கு எந்த நாட்டில் வந்த வட்டு சிறந்தது என்பதை டிவிடி கம்பேர் என்ற தளம் அருகருகே வைத்துக் காட்டும்.

நேரத்தைப் பற்றிய ஒரு குறிப்பும் இங்கே தேவை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்படுவது. ‘பால்’ (PAL) எனப்படும் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் அமைந்த டிவிடிகளில் அது 25ஆக ஓட்டப்படும். எனவே 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். எதையும் வெட்டிவிட்டார்களோ என்று பதற வேண்டாம்.

படி 7: ஓடவிடுவதற்கு முன்

சப்டைட்டில் எந்த மொழியில் இருக்கிறது என்பதைப் பணம் செலுத்தும் முன்பே படத்தின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். திரை வடிவத்தையும் கவனியுங்கள். 1950களின் தொடக்கம் வரையிலான பெரும்பாலான படங்கள் ஏறத்தாழ சதுரமானவை. தொலைக்காட்சியில் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் வருவது குறையல்ல, அதுவே சரி. பட்டைகளை நிரப்புவதற்காகத் தொலைக்காட்சியின் ‘ஜூம்’ அமைப்பைப் போட்டால் தலையும் காலும் வெட்டுப்படும். அதற்குப் பின் வந்த அகலத்திரைப் படங்களில் கதை வேறு: பழைய வீடியோப் பிரதிகளில் திரையை நிரப்புவதற்காக இருபுறமும் வெட்டியிருப்பார்கள், இருவர் பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரிந்தால் அந்தப் பிரதியைக் கைவிட்டு வேறு தேடுங்கள்.

கோப்பாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு சப்டைட்டில் முந்தியோ பிந்தியோ வருவது வழக்கமான தொல்லை. வி.எல்.சி. பிளேயரில் ஜி, எச் விசைகளை அழுத்தி அதை முன்னும் பின்னும் நகர்த்தலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், காரணம் மேலே சொன்ன 24, 25 சட்டக வேறுபாடுதான். விசைகளால் அது தீராது, தட ஒத்திசைவு (Track Synchronization) அமைப்பில் சப்டைட்டிலின் வேகத்தை மாற்ற வேண்டும்.

எங்குமே கிடைக்காவிட்டால்

எல்லாப் பெயர்களையும் எல்லாப் படிகளிலும் இட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லையென்றால், முதலில் அந்தப் படம் இப்போது இருக்கிறதா என்பதையே பாருங்கள். 1919இல் பிரிட்டனில் எடுக்கப்பட்ட ‘தி ஃபர்ஸ்ட் மென் இன் தி மூன்’ போல, ஒரு பிரதிகூட எஞ்சாமல் தொலைந்துபோனதாகக் கருதப்படும் படங்கள் உள்ளன. விக்கிப்பீடியாக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே அது பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும்.

படம் இருந்தும் வெளியிடப்படாமல் இருந்தால், காத்திருப்பது வீண்போகாது. ஜேம்ஸ் கேமரூனின் ‘தி அபிஸ்’ 1989இல் வந்த புகழ்பெற்ற படம். அதன் புளூ-ரே வட்டு 2024இல்தான் கடைகளுக்கு வந்தது. ஜார்ஜ் மெலியே 1902இல் எடுத்த நிலவுப் பயணப் படத்தின் கையால் வண்ணம் தீட்டிய பிரதி 1993இல் பார்சலோனாவில் வெளிப்பட்டு, 2011இல் மீட்டெடுக்கப்பட்டுப் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. எனவே ஜஸ்ட்வாட்சில் கணக்குத் தொடங்கி அந்தப் படத்தை உங்கள் பட்டியலில் சேர்த்துவையுங்கள். எங்காவது வரும்போது அறிவிப்பு வரும். நீங்கள் எழுதிவைத்த ஐந்து விவரங்களோடு, எந்தத் தேதியில் எங்கெல்லாம் தேடினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்துப் புதிய தேதியோடு மீண்டும் ஒரு சுற்று தேடினால் போதும். ‘பிளானெட்டா பூர்’ படத்தின் சப்டைட்டில் உள்ள நல்ல பிரதி எங்களுக்கு அப்படி மூன்றாவது சுற்றில்தான், ரஷ்ய எழுத்தில் தேடியபோது கிடைத்தது.